மீநுண் அறிவியலும் பழந்தமிழ் அளவையும்

இக்காலத்து அறிவியல் துறைகளுள் மக்கள் நாவில் பெரிதும் வழங்குவது நானோ அறிவியல் ஆகும். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். ‘நானோ’ என்னும் முன்னொட்டு, குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அமைந்தது. 1960-ஆம் ஆண்டில் அனைத்துலக அளவை முறையில் இடம்பெற்றது. ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள அளவில் பொருள்கள் எவ்வாறு அமைகின்றன, எவ்வாறு இயங்குகின்றன என ஆராய்வதே இத்துறையின் பணி. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். குருதிச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவு 7,000 நானோமீட்டர் அளவினது. மரபுப் பண்பினைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் அகலம் 2 நானோமீட்டர். தங்க அணு ஒன்றின் குறுக்களவோ 0.3 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவுகளை மனத்திற் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

தமிழ்த் துறையின் ஆய்விதழில் இப்பொருள் எற்றுக்கு என வினவுவார் இருக்கலாம். காரணம் உண்டு. அண்மையில் மாணவர் ஒருவரின் ஆய்வேட்டினைத் திருத்துங்கால், ‘கீழடிக் குயவர் நானோ அறிவியலில் வல்லவராக விளங்கினர்’ என்னும் தொடர் கண்ணிற் பட்டது. பென்சிலால் அதனை அடித்தேன். மாணவர் வருந்தினார். “ஐயா, கீழடிப் பானையோட்டில் நானோ குழல் கண்டதாக வேலூர் ஆய்வாளரே எழுதியுள்ளனர்; நம் அளவை நூல்களிலும் அணு முதலாக அளவு சொல்லியிருக்கிறார்களே” என்றார். அவர் கூறிய இரண்டும் உண்மை. ஆயினும் அவ்விரண்டினின்றும் அவர் எழுதிய முடிபு பிறவாது. ஏன் பிறவாது என்பதை அன்று என்னால் நிரல்படச் சொல்ல இயலவில்லை. அதற்குப் பின் இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டும் நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

சொல்லும் அளவையும்

முதற்கண் சொல்லினை நோக்குவோம். ‘நுண்’ என்பது பழந்தமிழில் நன்கு வழங்கிய சொல். நுண்ணோக்கி, நுண்ணுயிர் என இக்காலத்து நாம் ஆக்கிய கலைச்சொற்களில் அது மீட்டரின் பத்திலக்கத்தில் ஒரு கூறு என்னும் அளவினைச் சார்ந்து நிற்கின்றது. நானோவோ அதனினும் ஆயிரம் மடங்கு சிறிது. ஆதலின் அதனையும் ‘நுண்’ என்றே குறித்தால் ஆயிரம் மடங்கு வேறுபாடு ஒரு சொல்லுள் மறைந்துபோம். ஈழத்துப் பாடநூல்கள் ‘நனோ’ என எழுதும். தமிழ்நாட்டு நூல்கள் ‘நானோ’ என எழுதும். ‘மீநுண்’ என்னும் ஆக்கமும் வழக்கில் உள்ளது. அளவையின் பெயராக வருமிடத்து நானோமீட்டர் என்றே வைத்துக்கொண்டு, துறையினையும் பொருளினையும் குறிக்குமிடத்து மீநுண் என வழங்குதல் தகும் என்பது என் கருத்து. மீட்டர், கிராம் என்பவற்றை ஏற்றுக்கொண்ட நாம் நானோவை மட்டும் விலக்குதற்குக் காரணம் இல்லை.

‘அணு’ என்னும் சொல்லோ மேலும் இடர் தருவது. இயற்பியலார் அணு என்பது ஒரு நானோமீட்டரின் சிறு பகுதி. உயிரியலார் ‘உயிரணு’ என்பது பல்லாயிரம் நானோமீட்டர் அளவுடையது. ‘அணு’ என ஒரு சொல்லே இரண்டிடத்தும் நிற்பதால் மாணவர் மயங்குதல் இயல்பே. பழைய நூல்களில் அணு என்பது இவ்விரண்டும் அன்று. மேலும் பிரிக்க எண்ணாத எல்லைக்கு இட்ட பெயர் அது.

இனி மாணவர் சுட்டிய அளவை. கணக்கதிகாரம் வழியாக வழங்கும் நீட்டலளவை வாய்பாட்டில், அணு எட்டு ஒரு கதிரெழு துகள்; அவ்வாறே எட்டெட்டாக ஏறிப் பஞ்சிற்றுகள், மயிர்நுனி, நுண்மணல், சிறுகடுகு, எள், நெல் எனச் சென்று, நெல் எட்டு ஒரு விரல் என முடியும். எட்டினை எட்டு முறை பெருக்கினால் 1,67,77,216 வரும். விரலகலம் 2 செண்டிமீட்டர் எனக் கொண்டு இவ்வெண்ணால் வகுத்தால் ஓர் அணுவின் அளவு ஏறத்தாழ 1.2 நானோமீட்டர் ஆகும். இதனை முதன்முதல் கணக்கிட்டபோது யானும் வியந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. இவ்விடத்தே நின்றுவிட்டால் பெருமை பேச இது போதும்.

ஆனால் இவ்வேணியின் இடைப்படிகளையும் அளந்து பார்த்தல் வேண்டும். நெல்லினை அகலவாட்டில் எட்டு அடுக்கிப் பார்த்தேன்; ஏறத்தாழ 2 செண்டிமீட்டர் வந்தது. ஆகவே மேற்படி பொருந்துகின்றது. அடுத்த படியில், எள் ஒன்று 0.3 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். எள்ளின் மிகக் குறுகிய பக்கங்கூட அதனினும் மிக்கது. சிறுகடுகு 0.04 மில்லிமீட்டர் என வரும். மெய்யான கடுகு அதனைப்போல் இருபது மடங்கிற்கு மேற்பட்டது. மயிர்நுனி 610 நானோமீட்டர் என வரும். மயிரின் தடிப்போ 80,000. நுனி அடியினும் மெல்லிது எனக் கொள்ளினும் அத்துணை மெல்லிதன்று. கதிரெழு துகள் என்பது சாளரத்து வெயிற்கீற்றில் மிதந்து தோன்றும் தூசி. வாய்பாட்டின்படி அது 10 நானோமீட்டருக்கும் குறைவு. அவ்வளவுடைய துகள் தனியே கண்ணிற்குத் தோன்றாது. கீழே இறங்க இறங்க வாய்பாடு மெய்யளவினின்று விலகிச் செல்கின்றது.

மற்றொரு சான்றும் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் கோலளவு கூறுமிடத்து அடியார்க்குநல்லார் காட்டும் வாய்பாடு இதனிற் குறுகியது. அணு, தேர்த்துகள், இம்மி, எள், நெல், பெருவிரல் என அது செல்லும். எட்டினை ஐந்து முறை பெருக்கினால் 32,768. அதன்படி ஓர் அணு 610 நானோமீட்டர் ஆகின்றது. அஃதாவது, ஒரு வாய்பாட்டின் மயிர்நுனியும் மற்றொன்றின் அணுவும் ஒரே அளவு. இரு நூல்களின் அணுக்களுக்கிடையே 512 மடங்கு வேற்றுமை. அளந்து கண்ட பொருளாயின் இவ்வேற்றுமை நேராது. விரலும் நெல்லும் கையால் அளந்தவை. அதற்குக் கீழுள்ளவை எண்ணால் இறங்கியவை. காணாத எல்லை வரை எண்ணைச் செலுத்திய அவ்வுள்ளத்தின் ஊக்கம் போற்றத்தக்கதே. அதனைப் போற்றுதற்கு அதனை நானோமீட்டர் ஆக்க வேண்டுவதில்லை.

அளவு குன்றின் பண்பு மாறுதல்

பழைய வாய்பாட்டிற்கும் இன்றைய மீநுண் அறிவியலுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு அளவின் துல்லியத்தினும் ஆழமானது. எட்டெட்டாகப் பகுத்துச் சென்ற நம் முன்னோர், பகுக்கப்படும் பொருள் சிறிதாகுமே யன்றிப் பண்பில் மாறாது எனக் கொண்டனர். பொன்னைப் பொடித்தால் பொன்துகள். இது நம் கண்ணறிவிற்கு முற்றும் பொருந்துவது. மீநுண் அறிவியலின் உயிர்நாடியோ இதற்கு மறுதலையாகும். குறிப்பிட்ட அளவிற்குக் கீழ் இறங்கினால் பொன் மஞ்சள் நிறத்தை இழக்கும். மந்த உலோகம் என்னும் இயல்பினையும் இழக்கும்.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது மேற்பரப்பு. ஒரு செண்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டி ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறு முகங்களின் பரப்பு 6 சதுர செண்டிமீட்டர். ஓர் அஞ்சல் தலையளவு. அதே கட்டியை ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக அறுத்தால் அவற்றின் பரப்பு மொத்தம் 6,000 சதுர மீட்டர் ஆகும். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். பொருள் கூடவில்லை, குறையவும் இல்லை. உள்ளே அடைந்து கிடந்த அணுக்கள் வெளியே வந்துள்ளன. வெளிப்பட்ட அணுவிற்குப் பக்கத்துணை குறைவாதலின் அது பிறிதொன்றனோடு கூடுதற்கு விரைகின்றது. 3 நானோமீட்டர் அளவுள்ள பொற்றுகளில் அணுக்களுள் ஏறத்தாழப் பாதி மேற்பரப்பில் நிற்பன. எதனோடும் வினைபுரியாது என வேதியியலார் நெடுங்காலம் எண்ணியிருந்த பொன், மீநுண் துகளாகும்போது நச்சுவளியாகிய கார்பன் மோனாக்சைடைத் தாழ்ந்த வெப்பத்திலேயே மாற்றும் வினையூக்கி ஆதலை 1987-இல் சப்பானியர் அருத்தா கண்டு வெளியிட்டார்.

இரண்டாவது காரணம் எலெக்ட்ரான்களின் இயல்பு. மிகச் சிறிய இடத்துள் அடைபட்ட எலெக்ட்ரான் தான் விரும்பிய ஆற்றல் நிலைகளில் நில்லாது. இடம் சுருங்கச் சுருங்க அந்நிலைகள் ஒன்றினின்று ஒன்று விலகும். வீணையின் நரம்பினை விரலால் அழுத்திக் குறுக்கினால் சுருதி உயர்தலை இதற்கு ஒருவாறு ஒப்பாகக் கூறலாம். காட்மியம் செலினைடு என்னும் ஒரே பொருளின் மணி, 6 நானோமீட்டர் அளவில் செந்நிற ஒளியும் 2 நானோமீட்டர் அளவில் நீல ஒளியும் தரும். குவாண்டம் புள்ளி எனப்படும் இத்தகைய மணிகளை 1980-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் எக்கிமோவ் கண்ணாடியுள்ளும், அமெரிக்காவில் புரூசு நீர்மத்துள்ளும் கண்டனர். 1993-இல் பவெண்டி அவற்றை வேண்டிய அளவில் ஒரு சீராக ஆக்கும் முறையினை வகுத்தார். மூவரும் 2023-இல் வேதியியலுக்குரிய நோபல் பரிசு பெற்றனர். இன்று கடைகளில் விற்கும் தொலைக்காட்சித் திரைகள் சிலவற்றின் நிறத்தூய்மை இவற்றால் வருவது.

பொன்னின் நிறத்தினை முதன்முதல் அறிவியல் நோக்கில் ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே ஆவர். 1857-இல் இலண்டன் அரசவைக் கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவில், மாணிக்கம் போற் சிவந்த நீர்மம் ஒன்றினைப் பற்றிக் கூறி, அந்நிறம் மிகச் சிறிய பொற்றுகள்களால் விளைவது என நிறுவினார். அத்துகள்களைக் காண அவரிடம் கருவி இல்லை. ஒளிக்கற்றையினைச் செலுத்தி அது நீர்மத்துள் சிதறுதலைக் கண்டு உய்த்துணர்ந்தார். அவர் ஆக்கிய நீர்மத்திற் சில இன்றும் இலண்டனில் செந்நிறம் மாறாது பாதுகாக்கப்படுகின்றன. கருவுற்றதை வீட்டிலேயே அறிதற்கு உதவும் சோதனைப் பட்டையில் தோன்றும் செங்கோடும், 2020-ஐ ஒட்டிய பெருந்தொற்றுக் காலத்தில் பலரும் அஞ்சி நோக்கிய விரைவுச் சோதனைக் கோடும் பெரும்பாலும் இப்பொற்றுகள்களின் நிறமே. பாரடே கண்ட சிவப்பு நம் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்துள்ளது.

செய்தலும் அறிதலும்

இனிக் கீழடிக்கு வருவோம். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த பானையோடுகளின் உட்புறக் கரும்பூச்சினை வேலூர்த் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் ஆராய்ந்து, அதனுள் கரிம மீநுண் குழல்கள் இருத்தலை 2020-இல் வெளியிட்டனர். கரிம அணுக்கள் வலைபோற் பிணைந்து குழலாகச் சுருண்டவை இவை. ஓடுகளின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டினை ஒட்டியது. செடியினின்று எடுத்த சாறு போன்றதொரு பூச்சு, சூளையின் பெருவெப்பத்தில் இவ்வாறு மாறியிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் பூச்சு உதிராமல் நிற்பதற்கும் இக்குழல்கள் காரணமாகலாம் என்றனர்.

இத்தகைய செய்தி இது முதலாவதன்று. 2006-இல் செருமனியின் திரெசுடன் பல்கலைக்கழகத்துப் பாப்ளர் குழுவினர், பெர்ன் நகரக் காட்சிச் சாலையிலுள்ள 17-ஆம் நூற்றாண்டுத் தமாசுகசு வாள் ஒன்றில் கரிம மீநுண் குழல்கள் இருத்தலைக் காட்டினர். அவ்வகை வாளுக்கு வேண்டிய எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவினின்றும் சென்றவை. மேலைநாட்டார் ‘ஊட்சு’ என வழங்கும் அவ்வெஃகின் பெயர் ‘உருக்கு’, ‘உக்கு’ என்னும் திராவிடச் சொல்லினின்று திரிந்தது என்பர். உரோமானியர் 4-ஆம் நூற்றாண்டில் செய்த இலைகர்கசுக் கிண்ணம் இலண்டனில் உள்ளது. வெளியொளியில் பச்சையாகவும் உள்ளிருந்து ஒளி ஊடுருவும்போது சிவப்பாகவும் தோன்றும். கண்ணாடியுள் கலந்த பொன், வெள்ளி மீநுண் துகள்கள் அதற்குக் காரணம்.

ஆகவே கீழடிக் குயவரும், தென்னாட்டுக் கொல்லரும், உரோமானியக் கண்ணாடி வினைஞரும் மீநுண் பொருள்களை உண்டாக்கினர் என்பதில் ஐயமில்லை. ஐயம் வேறோரிடத்தில் எழுகின்றது. ஒன்றை அறிந்தோம் என்பதற்கு அறிவியலில் அடையாளம் யாது? அதன் அளவினைக் கூறல், அளவினை மாற்றினால் பண்பு எவ்வாறு மாறும் என முன்னரே கூறல், கூறியவாறு செய்து காட்டல் ஆகிய இம்மூன்றும் வேண்டும். கீழடிக் குயவர் இம்மூன்றனுள் எதனையும் செய்ததாகச் சான்று இல்லை. அவர் அறிந்தது வேறு: எந்தச் சாற்றினைப் பூசி எத்துணை வெப்பத்தில் சுட்டால் பூச்சு நெடுநாள் நிற்கும் என்பது. அதுவும் அறிவே, பல தலைமுறையாகக் கைக்கும் கண்ணுக்கும் வந்த அறிவு. அதற்குரிய பெயர் தொழில்வன்மை.

இவ்வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடு என்று கருதிவிடலாகாது. தமாசுகசு வாளின் வரலாறு அதனைக் காட்டும். நீரலை போன்ற கோலமுடைய அவ்வாளினைச் செய்யும் தொழில் 19-ஆம் நூற்றாண்டளவில் மறைந்தது. அமெரிக்க உலோகவியலார் வெர்கோவன், குறிப்பிட்ட சுரங்கத் தாதுக்களில் சிறிதளவே கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள் அக்கோலத்திற்கு இன்றியமையாதன என 1990-களில் காட்டினார். தாது மாறியதும் வாள் பழையபடி வரவில்லை. ஏன் வரவில்லை என்பது கொல்லருக்கு விளங்கவில்லை. மகனுக்குக் கற்பிக்கவும் ஒன்றும் இல்லாதாயிற்று என அவர் கருதினார். காரணம் அறியப்பெறாத திறன் ஒரு தலைமுறையில் அழிந்துபோம். நம் நாட்டுத் தொழிற்கலைகள் பலவற்றின் கதையும் இதுவே. அவற்றைக் காக்க விரும்புவோர், முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் எனச் சாற்றுதலை விடுத்து, அவர் கைத்திறனுள் மறைந்திருந்த காரணத்தினை வேலூர் ஆய்வாளர் போல் ஆய்ந்தறிதல் நலம்.

இக்காலத்து ஆராய்ச்சி இவ்வறிதலை எவ்வாறு எட்டியது என்பதற்கு ஓரிரு நிகழ்ச்சிகள் போதும். 1959-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் அமெரிக்க இயற்பியலார் கூட்டத்தில் பெயின்மன், அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குதற்கு இயற்கை விதி எதுவும் தடையன்று என்றார். 1974-இல் சப்பானியர் தனிகுச்சி ‘நானோ தொழில்நுட்பம்’ என்னும் சொல்லை ஆண்டார். 1981-இல் சூரிச்சு நகர ஐ.பி.எம். ஆய்வகத்தில் பின்னிக்கும் உரோரரும் ஆக்கிய அலகீட்டு நுண்ணோக்கி, மிகக் கூரிய ஊசிமுனையினைப் பரப்பின் மேல் ஓட்டி அணுக்களைத் தனித்தனியே காட்டிற்று. 1986-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1989-இல் அதே ஊசிமுனையால் ஐக்லர் என்பார் 35 செனான் அணுக்களை நகர்த்தித் தம் நிறுவனத்தின் மூன்றெழுத்துப் பெயரினை எழுதினார். மனிதன் எழுதிய எழுத்துகளுள் அதுவே அந்நாளில் மிகச் சிறியது. எழுத்தாணி பிடித்த மரபினராகிய நமக்கு இச்செய்தி தனியே உவகை தருவது.

ஆற்றல், மருத்துவம், கணிப்பொறி

பயன்களைக் கூறும் நூல்கள் பெரிதும் வாக்குறுதிகளாக இருக்கக் காண்கின்றேன். மெய்யாக நிறைவேறியவற்றை மட்டும் ஈண்டுக் கூறுவல்.

ஆற்றல் துறையில் மின்கலம் நல்லதோர் எடுத்துக்காட்டு. இலித்தியம் இரும்புப் பாசுபேட்டு என்னும் பொருள் 1997-இல் குடினஃப் ஆய்வகத்தினின்றும் வெளிவந்தது. விலை குறைந்தது, எளிதில் தீப்பற்றாதது. ஆயினும் மின்சாரத்தை நன்கு கடத்தாது என்னும் குறை இருந்தது. இலித்தியம் அதனுள் மிக மெதுவாகவே ஊர்ந்து செல்லும். ஊர்ந்து செல்லும் பொருளுக்கு வேண்டும் காலம் தொலைவின் இருமடிக்கேற்ப வளரும். துகளின் அளவு பத்தில் ஒன்றானால் காலம் நூறில் ஒன்றாம். ஆதலின் துகளை மீநுண் அளவிற்குச் சிறிதாக்கி, ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கரிமப் பூச்சினை இட்டனர். பயனற்றது எனத் தள்ளத்தக்க பொருள் இன்று மின்வண்டிகளில் பெருவழக்காயிற்று. இதற்கும் விலை உண்டு. மேற்பரப்பு மிகுந்தால் வேண்டாத வினைகளும் மிகும். பொடி மிக மெல்லிதாயின் கலத்துள் நெருங்கி அடையாது. எனவே சிறுமைக்கும் ஓர் எல்லையினைத் தேர்ந்து கொள்கின்றனர். கதிரவன் ஒளியினை மின்னாக்குதற்கு 1991-இல் கிரேட்சல் முதலியோர் தைட்டானிய மீநுண் துகள்மேற் சாயம் ஏற்றிய கலத்தினைச் செய்தனர்; அருமையான கருத்தாயினும் கூரைமேல் நாம் காண்பவை இன்றும் பெரும்பாலும் சிலிக்கன் தகடுகளே.

மருத்துவத்தில் வெற்றியும் ஏமாற்றமும் அருகருகே உள்ளன. தாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து நெஞ்சத்தினை ஊறுபடுத்துவது. அதனை ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிகளுள் அடைத்துச் செலுத்தினால் அவ்வூறு குறைகின்றது. இம்மருந்தினை அமெரிக்க அரசு 1995-இல் ஏற்றது. புற்றுக்கட்டியின் குருதிக் குழாய்கள் செப்பமற்றுத் துளைபட்டிருத்தலின் மீநுண் துகள்கள் அங்கே கசிந்து தங்கும் என்பதே 1986 முதல் அறிஞர் கொண்ட நம்பிக்கை. மருந்து தானே நோயைத் தேடிச் செல்லும் எனப் பலரும் எழுதினர். ஆனால் கனடாவின் தொராண்டோப் பல்கலைக்கழகத்தார் முந்தைய பத்தாண்டுகளின் விலங்காய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, செலுத்திய துகள்களுள் கட்டியினை அடைந்தது இடைமதிப்பாக நூற்றுக்கு 0.7 பங்கே. எஞ்சியவற்றுட் பெரும்பகுதியினைக் கல்லீரலும் மண்ணீரலும் கவர்ந்துகொள்கின்றன. இதனைத் தம் துறையாரே எண்ணி வெளியிட்ட நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. நம் துறையிலும் இத்தகைய தொகுப்பெண்ணிக்கைகள் வேண்டும்.

மாறாக, கொழுப்பு மீநுண் துகள் மற்றொரு வழியிற் பெருவெற்றி கண்டது. உடலிற்கு ஆணை தாங்கிச் செல்லும் ஆர்.என்.ஏ. இழை குருதியில் நெடுநேரம் நில்லாது சிதைந்துபோம். சிறப்பாக அமைத்த கொழுப்பு மூலக்கூறுகளால் அதனைப் பொதிந்தால் உயிரணுவினுள் அது பத்திரமாகச் சென்று சேரும். இம்முறையில் அமைந்த மருந்தொன்று 2018-இல் முதன்முதல் ஏற்கப்பெற்றது. 2020 டிசம்பர் முதல் கொரோனாத் தடுப்பூசிகளாகக் கோடிக்கணக்கான மக்களை அடைந்தது. கல்லீரல் துகள்களைக் கவர்தல் முன்னர்க் குறையாகத் தோன்றிற்று. 2018-இன் மருந்தோ கல்லீரலிற் செயற்படவேண்டிய மருந்து. ஆதலின் அக்குறையே அங்குப் பயனாயிற்று.

கணிப்பொறித் துறையில் மீநுண்மை என்பது எதிர்காலச் செய்தியன்று. 1971-இல் வந்த இன்டெல் 4004 சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020-இல் வந்த ஆப்பிள் எம்1 சில்லில் 1,600 கோடி. டிரான்சிஸ்டர் என்பது மின்னோட்டத்தைத் திறந்தும் அடைத்தும் நிற்கும் மதகு. மதகினைச் சிறிதாக்கிக் கொண்டே சென்றபோது, அதன் மின்காப்புப் படலம் 2003-ஐ ஒட்டி 1.2 நானோமீட்டராக மெலிந்தது. அஃதாவது ஐந்து அணு அடுக்கு. அத்துணை மெல்லிய சுவரினை எலெக்ட்ரான் உடைக்காமலே ஊடுருவிச் செல்லும். அடைத்த மதகு கசிந்தது, சில்லு சூடாயிற்று. 2007-இல் ஆப்னியம் கலந்த வேறொரு காப்புப்பொருளினை இட்டுச் சுவரினைத் தடிப்பாக்கியே அத்தடையினைக் கடந்தனர். அளவு குன்றினால் பண்பு மாறும் என்னும் விதி முன்னர் உதவியது போல் ஈண்டு இடையூறாயிற்று.

இத்துறையில் ஒரு சொல்லாட்சியை நம் மாணவர் கருதுதல் வேண்டும். ‘3 நானோமீட்டர்ச் சில்லு’ என விளம்பரங்கள் கூறும். அச்சில்லினுள் 3 நானோமீட்டர் என அளந்து காட்டத்தக்க முதன்மையான உறுப்பு எதுவும் இல்லை. அடுத்தடுத்த வாயில்களுக்கிடையே உள்ள தொலைவு 40 நானோமீட்டருக்கும் மேல். முன்னாளில் இவ்வெண் உறுப்பின் மெய்யளவினையே குறித்தது. இன்று தலைமுறையின் பெயர் மட்டுமே. நன்னூலார் நெறியிற் கூறின், காரணப்பெயராகத் தோன்றியது இடுகுறிப்பெயராயிற்று. சிலிக்கனுக்கு மாற்றாகக் கரிம மீநுண் குழல்களைக் கொண்டே கணிப்பொறி செய்யவும் முயல்கின்றனர். 2013-இல் இசுடான்போர்டில் 178 டிரான்சிஸ்டர் கொண்ட ஒன்றும், 2019-இல் மாசசூசட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 14,000-க்கு மேற்பட்டவை கொண்ட ஒன்றும் இயங்கின. 1,600 கோடிக்கு முன் இவை சிறியவை. ஆயினும் கீழடிப் பானையின் கரும்பூச்சில் கிடந்த பொருளினமே இங்குக் கணக்கிடுகின்றது என்பதை எண்ணுங்கால் மாணவரின் ஆர்வத்தினையும் யான் உணர்கின்றேன்.

தீங்கு பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பண்பு மாறுமாயின் நஞ்சும் மாறலாம். பெருந்துகளாக இருக்குங்கால் ஊறற்றது எனச் சான்று பெற்ற பொருள், மீநுண் துகளாகும்போது அச்சான்றினைத் தானே பெற்றுவிடாது. உணவிற்கு வெண்ணிறம் ஊட்டும் தைட்டானியம் டையாக்சைடினை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உணவினின்றும் விலக்கியது. அதனுள் அடங்கிய மீநுண் பகுதி பற்றிய ஐயமும் அம்முடிபிற்கு ஒரு காரணம்.

மாணவரை மீண்டும் அழைத்து, அடித்த தொடரின் மேல், ‘கீழடிப் பானையோடுகளின் உட்பூச்சில் கார்பன் மீநுண் குழல்கள் உள்ளன, குயவர் அவற்றின் விளைவினை அறிந்திருந்தனர், அவற்றை அறிந்திலர்’ என எழுதினேன். நெடுநேரம் நோக்கிவிட்டு ஏற்றுக்கொண்டார். பின்னர், “ஐயா, கார்பன் எதற்கு? கரிமம் என்று வைக்கலாமே” என்றார். வைத்தோம். இக்கட்டுரையிலும் குழல்களைக் குறிக்குமிடமெல்லாம் அச்சொல்லையே ஆண்டுள்ளேன்.